வாய்க்காலுக்கு வந்த ஏதென்ஸ்

உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம் படித்தவர்கள் எல்லோரையும் எங்கள் பக்கத்தில் ஒரே ஓட்டோவில் ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகும் யாராவது ஒருவர் கால் நீட்டி இருக்க இடமிருக்கும். அந்த ஓட்டோவில் நானும் ஒருவன் என்பதை இப்போது பெருமையாகச் சொல்கிறேன். அந்த நாளில் அப்படிச் சொல்ல முடியவில்லை. "என்ன பாடம் தம்பி?" என்று யாராவது கேட்டால், "தமிழ், புவியியல்" என்று தெளிவாகத் தொடங்குவேன். மூன்றாவது பாடம் வரும்போது இருமல் வந்துவிடும்.

ஒன்றை முழுதாகப் படித்தவனால் ஊருக்கு ஆபத்தில்லை. ஒன்றுமே படிக்காதவனாலும் ஆபத்தில்லை. மூன்றாம் அலகு வரைக்கும் படித்துவிட்டு எழும்பி நிற்கிறானே ஒருவன், அவன் வாயைத் திறக்கும்போதுதான் அக்கம்பக்கத்தார் கவனமாக இருக்க வேண்டும். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். நான் தனியாக ஆடியதோடு நிற்கவில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக நின்று ஒரு வாய்க்கால் சனத்தையே ஆட்டிவைத்தேன்.

எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்திலிருந்து உள்ளே போகும் பாதையில் இருக்கிறது. நெல்தான் தொழில், குளம்தான் தெய்வம் (பிள்ளையார் கோவித்துக்கொள்ளக் கூடாது). பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் சுகன்யா ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கிரேக்க உரோம நாகரிகம். மூன்று பிள்ளைகளாவது சேர்ந்தால் வகுப்பு நடத்தலாம் என்று அதிபர் சொல்லியிருந்தார். இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். ரீச்சர் எங்கள் வகுப்புக்கு வந்து, "சாதாரண சனங்கள் ஒரு குன்றில் கூடியிருந்து, தங்களைத் தாங்களே ஆண்ட ஒரு ஊர் இருந்தது. கமக்காரன், செருப்புத் தைக்கிறவன், பானை செய்கிறவன் எல்லோரும் எழும்பிப் பேசினார்கள்" என்று சொன்னார். எங்கள் ஊர்க் கூட்டங்களில் பேசுவதற்கென்றே நான்கு பேர் பிறந்திருந்தார்கள். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அன்றைக்கே மூன்றாவது ஆளாகச் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. முதலாம் தவணை அறிக்கை வந்தபோதுதான் அப்பா பாடத்தின் பெயரைப் பார்த்தார். அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரம் வாசித்தார்.

"பொருளியல் எடுத்தால் வங்கியிலை ஒரு கதிரையாவது கிடைக்கும். உந்தக் கிரேக்கத்தாலை எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஜனநாயகம் விளங்கும் அப்பா."

"விளங்கினால் வயலுக்குத் தண்ணி வருமோ?"

இந்த இடத்தில் அறிவுள்ள பிள்ளை தலையைக் குனிந்திருக்கும். நான், "வரும்" என்றேன். ஒரு சொல் வெளியே வந்துவிட்டால் அதை விழுங்குவதைவிட அதன் பின்னால் கடல்வரை போவதுதான் என் சுபாவம். இன்றும் அது மாறவில்லை.

அப்பா அறிக்கையை மடித்து அலுமாரியில் வைத்தார். "நல்லது. இந்தச் சிறுபோகம் பாப்பம். உன்ரை கிரேக்கத்தாலை எங்கட வயலுக்கு ஒழுங்காத் தண்ணி வந்தால் நீ படி. வராட்டில் தவணை முடிய அதிபரிட்டைப் போய் பொருளியலுக்கு மாறுறாய். சரியோ?"

"சரி."

குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. துருவும் சத்தம் ஒரு கணம் நின்று பிறகு தொடர்ந்தது. அம்மா எதற்கும் கருத்துச் சொல்லும் ஆள் அல்ல. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சிறுபோகத் தண்ணீரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். மாரியில் எல்லா வயலும் செய்யலாம். கோடையில் குளத்தில் கிடக்கும் தண்ணீருக்கு ஏற்ப ஆளுக்கு ஒரு துண்டுதான். அந்தத் துண்டுகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்துத்தான் தண்ணீர் விடவேண்டும். முறை பார்த்து மடை திறந்து மூட ஒருவரைக் கமக்காரர் கூட்டத்தில் நியமிப்பார்கள். அதற்குப் பெயர் வாய்க்கால் பொறுப்பு. எங்கள் வாய்க்காலுக்கு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பொன்னுத்துரையர்தான் பொறுப்பு.

பொன்னுத்துரையர் கெட்ட மனிதர் அல்ல. அவர் தன் வயலுக்கு முதலில் பாய்ச்சுவார். அடுத்தது மருமகனின் வயல். அதற்கடுத்தது வழியில் மறித்துத் தேத்தண்ணி கொடுத்தவர்களின் வயல்கள். மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு வரும். அப்பா மானஸ்தன், யாருக்கும் தேத்தண்ணி கொடுத்துத் தண்ணீர் வாங்கமாட்டார். அதனால் எங்கள் வயல் வாய்க்காலின் நடுவில் இருந்தும் பாதி நாள் காய்ந்தது. அப்பா ஒவ்வொரு பின்னேரமும் கால் கழுவிக்கொண்டே, "தன்ரை வயலுக்கு முதல் பாய்ச்சிறவன் ஒரு மனுசனோ?" என்று கிணற்றடியைப் பார்த்துக் கேட்பார். கிணற்றடியில் அம்மாதான் நிற்பா. பொன்னுத்துரையர் அங்கே ஒருநாளும் நின்றதில்லை.

கூட்டத்தில் ஏன் யாரும் அவரை மாற்றவில்லை என்று கேட்பீர்கள். அவர் முன்வரிசையில் இருப்பார். தலைவர், "பொறுப்புக்கு ஆரைப் போடுவம்?" என்று கேட்பார். எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், மீதிப் பேர் சம்பந்தம். அவரை வேண்டாமென்று சொல்லிவிட்டு நாளைக்கு அவர் வீட்டுக் கலியாணத்துக்கு எந்த முகத்தோடு போவது? நிலத்தைப் பார்ப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தலைவர் அவர் பெயரையே எழுதுவார்.

நானோ அந்த வாரம்தான் ஏதென்ஸில் பதவிக்கு ஆள் எடுத்த விதத்தைப் படித்திருந்தேன். தேர்தல் வைத்தால் பணமும் வாயும் உள்ளவன்தான் வருவான் என்று நினைத்த அந்த மகாராசர்கள், பெரும்பாலான பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். யார் பெயர் விழுகிறதோ அவர் பதவியை ஏற்க வேண்டும். ரீச்சர் சொல்லி முடிக்க முன்னமே எனக்குப் பொன்னுத்துரையரின் முகம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

சிறுபோகக் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டோடு அப்பாவின் பின்னால் போய் இருந்தேன். நீர்ப்பாசன அதிகாரி வந்திருந்தார். குளத்தின் அளவைச் சொன்னார்கள், விதைக்கும் கிழமையைச் சொன்னார்கள். பிறகு தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எல்லோரும் நிலத்தைப் பார்க்க ஆயத்தமானார்கள்.

நான் எழும்பினேன். அப்பா என் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். சேட் வெளியே வந்தது, நான் இருக்கவில்லை.

"தலைவர் அவர்களே, கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில்..." என்று தொடங்கினேன். (இப்படித் தொடங்கிய பேச்சை அந்த மண்டபம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.) பின்வரிசையில் யாரோ, "தம்பி, நாங்கள் இந்தச் சிறுபோகத்தைக் கதைக்கிறம்" என்றார். சிரிப்பு வந்தது. காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஏதென்ஸ் நகரத்தையும், அதன் கமக்காரர்களையும், குலுக்கலையும் சொல்லி முடித்து, "ஆகவே, எல்லோருடைய பெயரையும் எழுதிக் குலுக்கிப் பொறுப்பாளரை எடுக்க வேண்டும்" என்று பிரேரித்தேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அமைதியை என் பேச்சின் வெற்றி என்று நினைத்தேன். உண்மை அதுவல்ல. யாருக்கும் எதிராகக் கை தூக்காமலே பொன்னுத்துரையரை மாற்ற ஒரு வழி கிடைத்திருக்கிறது என்பது மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருந்தது. பழி சீட்டின் மேல்தானே போகும்.

ஊரில் சீட்டுப் பிடிக்கிற மலரக்காதான் முதலில் வாய் திறந்தா. "இதைத்தானே தம்பி நான் மாசாமாசம் என்ரை வீட்டு விறாந்தையிலை குலுக்கிறன். இதுக்கு ஏன் கிரேக்கத்துக்குப் போனனீர்?"

"இது பதவிக்கு, அக்கா."

"எதுக்கெண்டாலும் குலுக்கல் குலுக்கல்தான். நல்ல யோசினை."

பொன்னுத்துரையர் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "தம்பி, உங்கட ஏதென்ஸிலை பொம்பிளையளும் உந்தக் குலுக்கலிலை நிண்டவையோ?"

அவர் அதைக் கேட்டது என்னை மடக்க. மூன்றாம் அலகிலேயே பதில் இருந்தது. "இல்லை" என்றேன், மெதுவாக.

"அப்ப அது உருப்பட்டிருக்காது" என்று மலரக்கா சொன்னா. சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். என் பிரேரணை கைநழுவிப் போவது தெரிந்தது. "அது ஏதென்ஸ் விட்ட பிழை" என்று சத்தமாகச் சொன்னேன். "நாங்கள் அந்தப் பிழையை விடக் கூடாது. காணி அனுமதிப்பத்திரம் ஆருடைய பெயரில் இருக்கிறதோ, அவர்தான் குடிமகன். அவருடைய பெயரைத்தான் எழுத வேண்டும்." கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டல் அது. அதற்குப் பிறகு அவ்வளவு கனதியாக ஒன்று கிடைக்கவில்லை.

அதிகாரி சிரித்துக்கொண்டே, "சட்டத்துக்கு மாறு இல்லை. ஒரு மாசம் பரீட்சார்த்தமாப் பாப்பம். சரிவராட்டில் திரும்பக் கூடுவம்" என்றார்.

பெயர்களை எழுதும்போது அப்பா தன் பெயரைச் சொன்னார். நான்தான் குனிந்து, "காணி அம்மாவின்ரை பேரிலை அப்பா, தாத்தாவிட்டை இருந்து வந்தது" என்று திருத்தினேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு எச்சரிக்கை இருந்தது. எனக்கு அது தெரியவில்லை. யாரோ மோட்டார்சைக்கிள் ஹெல்மெற்றைக் கொடுத்தார்கள். கிரேக்க வீரர்களும் தலைக்கவசத்துக்குள்தான் சீட்டுப் போட்டார்கள் என்று ரீச்சர் சொன்னது ஞாபகம் வந்து எனக்கு நெஞ்சு விம்மியது. மலரக்கா தொழில்முறையாகக் குலுக்கினா. அதிகாரி ஒன்றை எடுத்து விரித்து, "செல்வராணி சிவலிங்கம்" என்று வாசித்தார்.

யாரென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆளையாள் பார்த்தார்கள். ஊரில் அப்படி ஒருவரை யாரும் அறியார்கள். எனக்குக்கூட ஒரு கணம் விளங்கவில்லை. அப்பாதான் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தினார்.

"அட, எங்கட ராணியக்கா" என்றா மலரக்கா.

கூட்டம் முடிந்ததும் தலைவர், மலரக்கா, அப்பா, நான் நால்வரும் வீட்டுக்குப் போனோம். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. தலைவர் விசயத்தைச் சொன்னார். அம்மா கையிலிருந்த தண்ணீரை உதறிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டா: "என்னைக் கேட்டனீங்களோ?"

"கேக்கிற முறை இல்லை அம்மா. ஏதென்ஸிலை பேர் விழுந்தால் ஏற்கத்தான் வேணும்."

"அங்கை ஆர் சமைச்சது?"

இது எந்த அலகிலும் இல்லை. அடிமைகள் சமைத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். தலைவர் இளக்காரமாக, "ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நாங்கள் பொன்னுத்துரையரையே போடுவம்" என்றார். அம்மாவின் தாடை இறுகியது. அந்தத் தாடையை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், என்னுடையதும் அப்படித்தான் இறுகும். "ஆர் ஏலாதெண்டது?" என்று கேட்டுவிட்டு அரிசியை உலையில் போட்டா.

உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம். அப்பாவும் படுக்கப் போகும்போது கொஞ்சம் தெளிந்திருந்தார். பொறுப்பு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது, இனித் தண்ணீர் வராமல் என்ன செய்யும்? பந்தயத்தில் வென்றாகிவிட்டது, பொருளியல் தொலைந்தது என்று நினைத்து நித்திரையானேன்.

அம்மா மறுநாள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனா. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்களுக்குச் சிறுபோகத்தில் தண்ணீர் போனதை யாரும் கண்டதில்லை. அம்மா அங்கிருந்து தொடங்கினா. கடைசி வயலில் தண்ணீர் நின்ற பிறகு அடுத்த வயல். அப்படியே படிப்படியாக மேலே வந்து, எங்கள் வயலைத் தாண்டி, பொன்னுத்துரையரின் வயல்வரை எல்லோருக்கும் அளந்து அளந்து பாய்ச்சினா. எல்லாம் முடிந்து எங்கள் மடைக்கு வரும்போது குளத்தில் கதவை இறக்கிவிட்டார்கள். வாய்க்காலில் தவளை நனையத் தண்ணீர் இல்லை.

முதல் முறைதானே என்று அப்பா பொறுத்தார். இரண்டாம் முறையும் அதேதான் நடந்தது. மூன்றாம் முறையில் அப்பா வாய்க்கால் கரைக்கே போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

"எங்கட வயல் வெடிக்குது ராணி. ஒருக்கா எங்கட மடையைத் திறந்துவிடன்."

"கடைசியாத் திறப்பன்."

"ஏன் கடைசியா?"

"நீங்கள்தானே வருசக்கணக்காச் சொன்னனீங்கள், தன்ரை வயலுக்கு முதல் பாய்ச்சிறவன் ஒரு மனுசனோ எண்டு."

"முதல் வேண்டாம், நடுவிலையாவது பாய்ச்சலாம்தானே."

"நடுவிலை பாய்ச்சினால், அதைப் பாக்கிறவை முதல் பாய்ச்சினதாத்தான் சொல்லுவினம்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த மடைக்கு நடந்தா. அத்தனை வருடமும் கிணற்றடியில் நின்று கேட்டவை எல்லாம் அவவுக்குள் சட்டமாகக் கிடந்திருக்கின்றன என்பது அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊர் அம்மாவைக் கொண்டாடியது. கடைசி வயல்காரர் வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கினார். எங்கள் நெல் மட்டும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. தவணையும் முடிந்துகொண்டு வந்தது. அப்பா சாப்பிடும்போது, "பொருளியலுக்கு ரியூசன் எங்கையாம் நடக்குது?" என்று தங்கச்சி வதனியிடம் கேட்பார், எனக்குக் கேட்கும்படியாக.

நான் விடுவதாக இல்லை. கிரேக்கத்தால் தண்ணீர் வந்தால் படிக்கலாம் என்பதுதான் நிபந்தனை. வாய்க்காலால் வரவேண்டும் என்று அப்பா சொல்லவில்லை. விடிய எழும்பி, சைக்கிள் கரியரில் இரண்டு பிளாஸ்ரிக் கலன்களைக் கட்டி, வீட்டுக் கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து திரும்பவும் கொண்டுபோனேன். பாதி வழியில் சைக்கிள் குலுங்கித் தண்ணீர் கொட்டுகிற ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தருகே நின்ற நாயுண்ணிப் பற்றை அந்தக் கோடையில் செழித்ததுபோல எதுவும் செழிக்கவில்லை. நெல் வயலுக்குக் கலனால் தண்ணீர் ஊற்றுகிறவனைப் பார்க்கச் சனம் சைக்கிளை நிறுத்தியது. அப்பா வரம்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, பயிருக்குத் தண்ணி விடுறியோ, தீர்த்தம் தெளிக்கிறியோ?"

"இந்த மூலையாவது தப்பும் அப்பா."

"மூலையை வைச்சு என்ன செய்யிறது?" என்றார். ஆனால் கலனைப் பிடித்துச் சரித்து விட்டார்.

ஒரு மாதம் முடிந்து மறுபடி கூட்டம் வந்தது. எனக்கிருந்த கடைசி வழி அதுதான். அம்மாவை மாற்றினால் யார் வந்தாலும் எங்கள் வயலுக்குக் கொஞ்சமாவது தண்ணீர் வரும். வயல் தப்பினால் என் பாடமும் தப்பும். வயலில் நெல் சாகும் முன், தவணை முடியும் முன், இதைச் செய்ய வேண்டும். இரவிரவாக யோசித்து ஏதென்ஸிலேயே அதற்கும் வழி கண்டுபிடித்தேன்.

அம்மா இந்தமுறை முன்வரிசையில் இருந்தா, சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. அப்பாவும் நானும் பின்னால். தலைவர் தொண்டையைச் செருமி, "ஒரு மாசம் பாத்தாச்சு. திரும்பக் குலுக்குவமோ?" என்று கேட்டார்.

"குலுக்கி என்னத்துக்கு?" என்றா மலரக்கா. "ராணியக்காவே இருக்கட்டும்."

நான் எழும்பினேன். இந்தமுறை அப்பா சேட்டைப் பிடித்து இழுக்கவில்லை. "அப்படி விட முடியாது. ஏதென்ஸில் பதவியில் இருப்பவரை இடைக்கிடை விசாரித்து, தொடர வேண்டுமா என்று வாக்கெடுப்பார்கள். சீட்டில் எடுத்த பதவியை ஒருவரே பிடித்துக்கொண்டிருக்க விடமாட்டார்கள்."

அதிகாரிக்கு என்னைப் பிடித்துப் போயிருந்தது. "அந்த வாக்கை எப்பிடி எடுத்தவை தம்பி?"

"கை தூக்கி, சேர்."

"நல்லது. அப்ப நாங்களும் அப்பிடியே எடுப்பம். ராணியக்காவை மாத்த வேணும் எண்டு நினைக்கிறவை கையைத் தூக்குங்கோ."

நான் தூக்கினேன். பக்கத்தில் அப்பாவும் தூக்கினார். மூன்றாவது கை எங்கே என்று மண்டபம் முழுக்கத் தேடினேன். ஒன்றுமில்லை. கடைசி நம்பிக்கையாகப் பொன்னுத்துரையரைப் பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "எனக்கு இப்பத்தான் ஒழுங்கா நித்திரை வருது. தண்ணியும் வருது. என்னை விடுங்கோ" என்றார்.

மண்டபம் சிரித்தது. சிரிப்புக்குக் காரணம் என்னவென்று பார்க்க அம்மா மெதுவாகத் திரும்பினா.

அப்பா அந்த நொடியில் செய்ததை நான் இன்றும் வியக்கிறேன். தூக்கிய கை இறங்கவில்லை, மடங்கியது. மடங்கிப்போய்க் காதின் பின்பக்கத்தைச் சொறியத் தொடங்கியது. காலையிலிருந்தே அந்த இடத்தில் கடித்துக்கொண்டிருந்ததுபோல முகத்தையும் வைத்துக்கொண்டார். என் கை மட்டும் நின்றது. இறக்கியிருக்கலாம். இறக்கினால் பிழையை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒரு வீம்பு. மலரக்கா, "எண்ணுங்கோ தலைவர், ஒண்டு" என்றா. தலைவர் உண்மையிலேயே விரலை நீட்டி எண்ணினார். அம்மா என் கையைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா, முன்னால் திரும்பிக்கொண்டா. கை அப்படியே மேலே நிற்க, எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா முன்னால் போனா. வழியில் எதிரே வந்த வதனி ஓடிப்போய் அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். நாங்கள் இருவரும் பின்னால், குற்றவாளிகள் இடைவெளி விட்டு நடப்பதுபோல நடந்தோம். படலையைச் சாத்தியதும் அம்மா கேட்டா: "ஏன் தூக்கினனி?"

"வயல் காய்ஞ்சால் அப்பா பாடத்தை மாத்தச் சொல்லிப் போட்டார் அம்மா. எனக்கு அந்தப் பாடம்தான் வேணும்."

அம்மா அப்பா பக்கம் திரும்பினா. குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கும் காது கடியோ?"

அப்பா கிணற்றடியைப் பார்த்தார்.

"இவன் அந்தப் பாடத்தைத்தான் படிப்பான். கடைசி வயலுக்குத் தண்ணி போனது இவன்ரை பாடத்தாலை. எங்கட வயலுக்கு வராதது என்னாலை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ."

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமான, அவ்வளவு சரியான தீர்ப்பை எந்த மன்றத்திலும் நான் கேட்டதில்லை. அப்பா பொருளியல் ரியூசனைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் கடைசியாகத்தான் பரிமாறப்பட்டது. குழம்பில் மீன் இருக்கவில்லை, மீன் இருந்த அடையாளம் இருந்தது.

அந்தச் சிறுபோகத்தில் வாய்க்கால் முழுக்க விளைந்தது. எங்கள் வயலில் கலனால் ஊற்றிய மூலை மட்டும் விளைந்தது. அரிவாள் தேவைப்படவில்லை, கையாலேயே பிடுங்கிவிட்டோம். சூடடிக்கும் மெசினுக்குச் சொல்ல வெட்கப்பட்டு, அப்பாவும் நானும் பாயில் வைத்துக் காலால் மிதித்தே நெல்லை எடுத்துவிட்டோம். கடைசி வயல்காரர் தன் விளைச்சலில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அம்மா அதைத் திரும்பவும் அவரின் சைக்கிளிலேயே ஏற்றி அனுப்பினா. அப்பா அந்தச் சைக்கிள் ஒழுங்கையில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

உயர்தரப் பரீட்சையில் ஏதென்ஸின் சீட்டு முறையைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. நன்மைகளை ஒரு பந்தியில் முடித்தேன். தீமைகளுக்கு மேலதிகத் தாள் வாங்கினேன். மற்றக் கேள்விகளுக்கு நேரம் போதவில்லை, ஆனாலும் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனேன். இப்போது அரச அலுவலகம் ஒன்றில் வேலை. கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பெடுப்பது என் கடமை. யாராவது, "கை தூக்குங்கோ" என்று சொன்னால் எனக்கு இன்றும் காது சுடும்.

வாய்க்கால் இப்போதும் அம்மாவிடம்தான் இருக்கிறது. பிறகு யாரும் குலுக்கவுமில்லை, வாக்கெடுக்கவுமில்லை. எங்கள் வயலை அப்பா கோடையில் உழுந்து போடும் நிலமாக மாற்றிவிட்டார். உழுந்துக்கு மனைவியிடம் தண்ணீர் கேட்கத் தேவையில்லை என்பது அவர் கண்ட ஞானம். எனக்குப் பெண் பேசி வந்த வீட்டாருக்கு வதனி தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, "அண்ணா நல்லவர்தான், பெத்த தாய்க்கு எதிராக் கை தூக்கினவர், அவ்வளவுதான்" என்று சொன்னாள். (அவர்கள் பதறிப்போய், அடித்தாரோ என்று கேட்டார்கள். முழுக் கதையையும் சொன்ன பிறகுதான் சம்பந்தம் முற்றானது.) என் மனைவிக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் எதற்காவது நான் மறுப்புச் சொன்னால், "எண்ணுங்கோ, ஒண்டு" என்பாள்.

என் வாக்கு இன்னும் ஊரில்தான் பதிவாகியிருக்கிறது. போன தேர்தலுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாக்குச்சாவடிக்குப் புறப்பட்டபோது அம்மா வாய்க்காலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தா. நான் சேட்டைச் சரிசெய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

"போய் ஆருக்கெண்டாலும் போட்டிட்டு வா தம்பி" என்றா. "பயப்பிடாதை. அங்கை மறைப்பு வைச்சிருக்கினம்."